துணைக்கு வந்தவர் வெளியே இருக்கவும்

எங்கள் மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு நர்ஸ் கொட்டம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். யாரை? என்னை! மேட்ரன் சிரித்துக்கொண்டே, "அவளை உன்னவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?" என்றார். அந்தச் சிரிப்பில் இருந்த குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். கடமை, பொறுமை, புன்னகை மூன்றையும் போட்டு, போட்டோவுக்கு இடம் விட்டு, ஒரு பக்கம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கொட்டம்மாவும் அதில் இல்லை. இங்கே எழுதுவது மலரில் வராதது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, பொறாமைதான். அதைக் 'கருத்து வேறுபாடு' என்று பூசி மெழுக எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு குடும்பத்துக்கே சமைத்துப் போட்டிருக்கலாம்.

முதல் மாடியில் எக்ஸ்ரே அறைக்கு அடுத்து ஒரு சின்ன அறை இருக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் முதலில் அங்கேதான் போய் உட்கார வேண்டும். என்ன நோய், என்ன மாத்திரை என்று அங்கிருக்கும் நர்ஸ் விசாரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மயக்க மருந்து டாக்டர் கோப்பையே திறப்பார். இதயக்காரர்களுக்கு அந்த அறை உயிர் விஷயம். ரத்தத்தை இளக்குகிற மாத்திரையை நிறுத்தாமல் வந்தால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது. அதையே நிறுத்தக் கூடாத சமயத்தில் நிறுத்தினால் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். துடிப்பை அடக்குகிற மாத்திரையைத் திடீரென்று விட்டால் இதயம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடும். சரி, விட்டுவிட்டாரே என்று ஆபரேஷன் அன்று காலையில் அவசரமாகப் புகட்டினாலோ, மயக்கத்தில் ரத்த அழுத்தம் விழுந்து ஆளையே சாய்த்துவிடும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பதினான்கு வருஷம் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்ற கால்கள் இவை. அந்த அறைக்கு ஆள் போடப்போகிறார்கள் என்றதும், வேறு யார் பேர் வரும், என் பேர்தான் என்று நானே முடிவுகட்டிப் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டேன். வந்தது அவள் பேர். கண் பிரிவில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவள்! என்னைவிட ஒன்பது வயது சின்னவள்! மயக்க மருந்துப் பிரிவின் தலைவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். அவரிடம் நேரிலேயே கேட்டேன். "சிஸ்டர், உங்களுக்கு எல்லாம் தெரியும். அவங்க கேக்கறாங்க," என்றார். இது ஒரு பதிலா? நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன், மனசை மூடவில்லை.

ஆள் எப்படி என்றால், குள்ளம். ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் ஏறியிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். இரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள், ஒரு நாளும் பிந்தியதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். நோயாளி உள்ளே வந்ததும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல், "கொட்டுங்க." வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருப்பாள். மேசையில் நீலத் துணி விரித்த தட்டு இருக்கும், உருண்டு ஓடாமல் இருக்க. அதில் கொட்ட வேண்டும். அதனால் கொட்டம்மா. பேர் வைத்தது நான்தான். கேலிக்கு வைத்தேன், அவள் போனை எடுத்தால்கூட "கொட்டம்மா பேசறேன்" என்று சொல்லி அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

கதவில் ஒரு அட்டை தொங்கும். பேனாவால் அவளே எழுதியது. 'துணைக்கு வந்தவர் ஐந்து நிமிடம் வெளியே இருக்கவும்.' அந்த ஐந்து நிமிஷம் எப்போதும் இருபது நிமிஷம் ஆகும். மனைவி, மகன், மருமகள், யாராக இருந்தாலும் வெளியே. எதற்கு இந்தப் பந்தா என்று நான் கேட்காத ஆள் இல்லை. நோயாளியிடம் அவள் "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்று கேட்கமாட்டாள். "எல்லாரும் ஒண்ணு ரெண்டை விட்டுடுவாங்க. நீங்க எதை விட்டீங்க?" என்பாள். திருடனிடம் "எத்தனை வீட்டில் திருடினாய்?" என்று கேட்கிற மாதிரி. ஆனால் சொல்லிவிடுவார்கள்! ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். கூட வந்த மகள் மாத்திரைப் பேரெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தாள். மகளை வெளியே அனுப்பியதும் பெரியவர் சட்டைப் பைக்குள்ளிருந்து இன்னொரு மாத்திரை அட்டையை எடுத்தாராம். நண்பர் கொடுத்ததாம், நெஞ்சுக்கு நல்லதாம். அது அவர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த ரத்தம் இளக்கும் மருந்தேதான். "ரெண்டும் ஒரே ஆளு ஐயா, சட்டைதான் வேற," என்றாளாம் இவள். அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் அதே பேச்சு. குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள், அதனால் ஊரிலேயே அதிகம் மாடிப்படி ஏறுகிற ஆள் அவர்தான். அதிகம் பேசமாட்டார். ஒன்றரை வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். அதற்குப் பிறகு அவர் மாத்திரை என் பொறுப்பு. ஞாயிறுதோறும் ஏழு அறை டப்பாவில் நானே போட்டு வைப்பேன். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். காலியாக இருக்கும். இதய டாக்டரே, "உங்களுக்கென்ன, வீட்லயே ஐசியு," என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். இடுப்பு வலிக்கிறது என்று சில மாதமாக அவர் ஹாலில் தரையில் படுத்துக்கொண்டிருந்தார். நல்ல மெத்தை ஒன்று வாங்கிப் போட்டேன், அத்தோடு சரி.

மோட்டார் தூக்கித் தூக்கி அவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த அறைக்கு நான் போவதா? கோப்பை வாங்கி நானே நிரப்பினேன். துடிப்பு மாத்திரை தினமும். ஆஸ்பிரின் தினமும். நெஞ்சு வலி இல்லை. கையெழுத்துப் போட்டுப் பெரிய டாக்டரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டம்மா பாத்துட்டாங்களா?" என்றார். "நான் பாத்துட்டேனே டாக்டர்." "நல்லது. அவங்களும் பாக்கட்டும்," என்று கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போனோம். "வாங்கக்கா, வாங்கண்ணே. கொட்டுங்க," என்றாள்.

"கொட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் எழுதிட்டேன்."

வாங்கிப் படித்தாள். "அழகா எழுதியிருக்கீங்கக்கா. ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க."

"நானா?"

"எல்லாருக்கும் அதுதான்க்கா."

"நான் எல்லாரும் இல்ல. இங்க உனக்கு முன்னாடி சேந்தவ. இவருக்குப் பொண்டாட்டி வேற."

"அதனாலதான்க்கா," என்றாள், குரல் கொஞ்சமும் உயராமல்.

என்ன திமிர் பாருங்கள்! நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "போயேன், வந்துடறேன்," என்றார். இவரும் சேர்ந்துகொண்டார்! போய் நின்றேன், என் ஆஸ்பத்திரியில், என் யூனிஃபார்மில், துணைக்கு வந்தவளாக. வார்டு பையன்களெல்லாம் பார்த்துக்கொண்டே போனார்கள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் பேச்சு இல்லை, அவர் பேச்சு. என் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன் அங்கே மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். வாய்விட்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு எத்தனை மாதம் ஆகியிருந்தது! அவளுக்கு அப்படி என்ன கொம்பு முளைத்திருக்கிறது, ஏறுபல்லைத் தவிர? இருபது நிமிஷம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரித் தெளிவாக வெளியே வந்தார்.

"என்ன கேட்டா?"

"மாத்திரையப் பத்தித்தான்."

"சிரிப்பு எதுக்கு?"

"லிஃப்ட்ல கல்யாண மாப்பிள்ளை மாட்டிக்கிட்ட கதை. சும்மா சொன்னேன்."

எனக்கு அந்தக் கதை தெரியாது. இருபத்தோரு வருஷத்தில் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தது: 'துடிப்பு மாத்திரை ஏழு வாரமாக எடுக்கவில்லை. மூன்றாம் மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம். நாடி 98. இதய டாக்டர் பார்க்காமல் ஆபரேஷன் வேண்டாம்.' படித்ததும் ஒரு மனைவிக்கு என்ன வர வேண்டும்? பயம். எனக்கு வந்தது சந்தோஷம். மாட்டினாள்! வேறு யாரோ ஒருவர் சொன்னதை இவர் கோப்பில் எழுதித் தொலைத்திருக்கிறாள். நான் போட்டு வைத்து, நான் திறந்து பார்த்த டப்பா பொய் சொல்லுமா? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மேட்ரன் அறைக்கு நடந்தேன். வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்றுகூடத் தோன்றவில்லை.

மேட்ரன், பெரிய டாக்டர், அவள், நான். இசிஜி எடுத்துக்கொள்ள வந்திருந்த என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் வந்து நின்றார்.

"துடிப்பு மாத்திரை தினமும் போடறீங்களா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

அவர் டாக்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "போடறேன்."

"மாடி ஏறினா நெஞ்சு இறுக்குதா?"

"இல்ல டாக்டர்."

"என்னம்மா?" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

கொட்டம்மா என் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். "எங்கிட்ட சொன்னதத்தான் எழுதினேன் டாக்டர். இன்னொரு தடவை தனியாக் கேட்டுப் பாருங்க," என்றாள்.

"எதுக்குத் தனியா?" என்று கத்தினேன். "பொண்டாட்டி முன்னாடி சொல்ல முடியாத ரகசியம் என்ன இருக்கு? தப்பை ஒத்துக்கோ, அதவிட்டுட்டு என் புருஷனைப் பொய்யனாக்கற வேலை வேணாம்!"

"விடுங்க டாக்டர். இவ சொல்றதுதான் சரி," என்றார் அவர், தரையைப் பார்த்து.

இசிஜியில் புதிதாக ஒன்றும் இல்லை. நாடி பயத்தில்கூட ஏறும் என்றேன். பெரிய டாக்டர் அரை மனசோடு அவள் எழுதியதை அடித்து, என் காகிதத்தைக் கோப்பில் வைத்தார். "காலைல எதையும் குடுக்க வேணாம். துடிப்பு மாத்திரை மட்டும் ரெண்டு மடக்கு தண்ணில குடுத்துடுங்க, பழகின ஆளுக்கு அதை விடக் கூடாது," என்றார். மேட்ரன் அவளிடம் விளக்கக் கடிதம் கேட்டு, அதுவரை டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்காரச் சொன்னார். அவளை அந்த அறையை விட்டே தூக்கும் பேச்சும் அடிபட்டது. எனக்கு அன்று பசி நன்றாக எடுத்தது.

மூன்றாம் நாள் ஆபரேஷன். காலை ஆறரை மணி, வார்டில் அப்போதுதான் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரையையும் கால் டம்ளர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன்.

"வாயத் திறங்க."

திறக்கவில்லை.

"ஏங்க, இதை மட்டும் விடக் கூடாது. ரெண்டு மடக்குதான்."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"விட்டு ரெண்டு மாசம் ஆகுது. விட்டவன் ஆபரேஷன் அன்னைக்குத் திடீர்னு போட்டா ஆபத்துன்னு அவங்க சொன்னாங்க."

எவங்க என்று நான் கேட்கவில்லை. "டப்பா காலியா இருந்துச்சே?"

"வாஷ்பேசின்ல போட்டுத் தண்ணியத் திறந்து விட்டேன்."

கட்டிலில் உட்கார்ந்தேன். "ஏன்?"

பக்கத்துக் கட்டில்காரர் பல் தேய்க்கப் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதைப் போட ஆரம்பிச்சதுலேருந்து நான் ஆம்பளையாவே இல்ல. உன் பக்கத்துல வரவே பயமா இருந்துச்சு. அதான் ஹால்ல படுத்தேன். நிறுத்தினா சரியாயிடும்னு நினைச்சேன்."

இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். அது வந்தது, பிறகு வந்தது. முதலில் வந்தது அந்தப் பழைய எரிச்சல். "இதைப் போயி அவகிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேட்டாங்க. இந்த மாத்திரைல சில ஆம்பளைங்களுக்கு இப்படி ஆகும், உங்களுக்கு இருக்கான்னு, காய்ச்சல் இருக்கான்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. இருக்குன்னேன். இது பெரிய விஷயமே இல்லண்ணே, வேற மாத்திரை இருக்கு, டாக்டர் மாத்திக் குடுப்பாருன்னாங்க."

"நான் கேக்கலையா? தினம் தினம் கேட்டேனே!"

"நீ எங்க கேட்ட? செக்தான் பண்ண."

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ அந்தம்மாவை ஒழிச்சுக் கட்டணும்னு நின்ன. என்னால உன்னை அங்க வெச்சுக் கவுக்க முடியல."

"அப்போ இன்னைக்கும் சொல்லாம உள்ள போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன். மாத்திரைய நாக்குக்கு அடியில வெச்சுத் துப்பிட்டுப் போயிருப்பேன். உன் கை நடுங்கிச்சு, அதான் சொல்லிட்டேன்."

அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்தேன். பாதித் தண்ணீர் என் மடியில் இருந்தது.

எழுந்து நடந்தேன். நடக்கும்போது என் புத்தி என்ன செய்தது தெரியுமா? வழி தேடியது. லேசாகக் காய்ச்சல் என்று சொன்னால் போதும், இன்றைக்கு ஆபரேஷன் நின்றுவிடும். அப்புறம் சத்தமில்லாமல் இதய டாக்டரிடம் கூட்டிப்போகலாம். அவருக்கும் ஆபத்து இல்லை, எனக்கும் தலைகுனிவு இல்லை. அவள் டோக்கன் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பின்னால், அந்த வாரமே ஆஞ்சியோ படம் எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் இன்னொரு குழாயில் அடைப்பு இருந்தது தெரியவந்தது. இதோடு மயக்கம் கொடுத்திருந்தால் மேசையிலேயே போயிருக்கும் என்று இதய டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. தியேட்டர் வாசல்வரை காய்ச்சல் என்ற பொய்யை வாயில் அதக்கிக்கொண்டுதான் போனேன்.

வாசலில் பெரிய டாக்டர் பச்சை உடையில் நின்று கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்ரனும் இருந்தார். இரண்டு நர்ஸ்கள், ட்ராலி தள்ளுகிறவர், எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள்.

"துடிப்பு மாத்திரை குடுத்தாச்சா சிஸ்டர்?"

"இல்ல டாக்டர்." அடுத்துக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். கைக்குள் மாத்திரை ஈரத்தில் கரைந்து பிசுபிசுத்தது. "அவர் அதைப் போட்டு ரெண்டு மாசம் ஆகுது. மாடி ஏறினா நெஞ்சும் இறுக்குது. அவ எழுதினது அத்தனையும் சரி."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதானே அன்னைக்கு அவ்வளவு சத்தம் போட்டீங்க? உங்களுக்கே தெரியாதது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மேட்ரன் என்னையே பார்த்தார். ட்ராலி தள்ளுகிறவர்கூட நின்றுவிட்டார்.

"என் வீட்டுக்காரர் அவகிட்ட சொல்லியிருக்காரு டாக்டர்," என்றேன். "என்கிட்ட சொல்லல."